விஷமே இல்லாத பூச்சி

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில், மாடிப்படியை ஒட்டிய அறையை மியூசியம் என்பார்கள். நாலு கண்ணாடி அலமாரி, ஒரு நீள மேசை, இரண்டு ஜன்னல். கொளஞ்சியம்மாளை ஹாஸ்டல் சமையல்கட்டிலிருந்து அங்கே மாற்றி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டுவது, துடைப்பது, ஜாடிகளின் தூசி தட்டுவது அவள் வேலை. முதல் மூன்று அலமாரிகளில் மீன், நண்டு, பாம்பு. அதையெல்லாம் பார்த்து அவள் பயப்படவில்லை. நாலாவது அலமாரியின் சாவி அன்றைக்குத்தான் கிடைத்தது.

மேல் தட்டில் கடைசியாக இருந்த ஜாடியை எடுத்து, துணியால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தாள். தூசி போனதும் உள்ளே இருந்தது தெரிந்தது. நசுக்கிய நண்டைப் போலத் தட்டையான உடம்பு. முன்னால் முள்முள்ளாக மடங்கிய இரண்டு கை. நூலைப் போல நீண்ட கால்கள், அதில் இரண்டு மட்டும் எல்லாவற்றையும்விட நீளமாக ஜாடியின் உட்சுவரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

உதவிப் பேராசிரியை அறிவுமதி சாக்பீஸ் கையோடு ஓடிவந்தாள். முப்பத்திரண்டு வயது, இந்த அலமாரிகளுக்குப் பொறுப்பு அவள்தான். கொளஞ்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜாடி உடையவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அவள் கத்தியிருந்தாள்.

"என்னாச்சும்மா? கைய கிழிச்சிக்கிட்டீங்களா?"

"இதான் மேடம்," என்றாள் கொளஞ்சியம்மாள். விரல் மேசையைக் காட்டியபடியே நின்றது. "எங்க வூட்டுக்காரர கொன்னது இதான்."

*

கொளஞ்சியம்மாளுக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. பிறந்தது விருத்தாசலம் பக்கம். இருபது வயதில் சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். கணவன் பச்சமுத்து டிராக்டர் ஓட்டுவான். அதிகம் பேசமாட்டான், ஆனால் வண்டியிலிருந்து இறங்கியதும் நேராக அடுப்படிக்கு வந்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் கால் கழுவப் போவான். ஒரே மகள் வித்யா. செங்கல்லை மண்சாந்து வைத்துக் கட்டிய ஓட்டு வீடு அவர்களுடையது. சுவரெல்லாம் விரிசல். மழைக்காலத்தில் அந்த விரிசல்களிலிருந்துதான் அந்தப் பூச்சி வரும். ஊரில் சிலர் அதை நட்டுவாக்காலி என்பார்கள், சிலர் பேரே சொல்லமாட்டார்கள், பார்த்ததும் அடிப்பார்கள்.

2013ஆம் வருஷம் ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை. விதைநெல் மூட்டை நனையாமல் இருக்கட்டும் என்று கட்டில்மேல் ஏற்றிவிட்டு, பச்சமுத்து தரையில் பாய் போட்டுப் படுத்தான். விடிவதற்கு முன்னால் அவளை எழுப்பினான்.

"வயிறு ரொம்ப வலிக்குது கொளஞ்சி. என்னான்னு தெரியல."

அவள் லைட்டைப் போட்டாள். அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, சுவரில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கால்களை விரித்துக்கொண்டு அது இருந்தது. துடைப்பத்தால் ஒரே அடி. பிறகு அவன் உடம்பைப் புரட்டிப் பார்த்தாள். இடது முழங்கைக்குப் பக்கத்தில் கொசு கடித்ததுபோல ஒரு புள்ளி. "பூச்சி கடிச்சிடுச்சி, பூச்சி கடிச்சிடுச்சி" என்று அவள் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டிலிருந்து பச்சமுத்துவின் அண்ணன் ராஜாமணி வந்தார். செத்துக் கிடந்த பூச்சியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாமா," என்றாள் அவள்.

"பூச்சிக்கடிக்கு எவனாச்சும் இந்த மழையில ஆஸ்பத்திரிக்குப் போவானா? வைத்தியர்கிட்ட பச்சிலை வாங்கிக் குடுத்தா எறங்கிடும்."

பெரியவர் பேச்சு. அவள் அடுத்த வார்த்தை பேசவில்லை. பின்தெருவில் இருந்த பச்சிலை வைத்தியரிடம் தூக்கிப் போனார்கள். அவர் கொடுத்த சாறு தொண்டைக்குள் இறங்காமல் வாயோரம் வழிந்தது. பச்சமுத்துவின் இமை இரண்டும் தானாக மூடிக்கொண்டன. மருந்து வேலை செய்கிறது, தூங்கட்டும் என்றார் வைத்தியர். அவன் பேச்சு குழறி, பிறகு மூக்கால் பேசுவதுபோல ஆகி, பிறகு நின்றது. எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. புவனகிரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வயது முப்பத்தெட்டு. கடிபட்ட கை வீங்கக்கூட இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த அந்தப் பூச்சியைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு கொளஞ்சியம்மாள் அதைத் தேடித்தேடிக் கொன்றாள். சுவர் விரிசலில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். விறகைப் புரட்டி அடித்தாள். ஒருமுறை துடைப்பத்தால் ஒன்றை அடித்தபோது அதன் முதுகிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பொடி ஏதோ சிதறி நாலாப்பக்கமும் ஓடியது. விஷம்தான் உயிர் வந்து ஓடுகிறது என்று நினைத்து, அந்த இடத்தில் நெருப்பே வைத்தாள். பதினோரு வயது வித்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷமே மகளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் வந்துவிட்டாள். சமையல் வேலை செய்துதான் படிக்க வைத்தாள். வித்யா நர்சிங் முடித்து இப்போது கடலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.

*

இவ்வளவையும் அறிவுமதி நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் ஜாடியைக் கையில் எடுத்து, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, இதுக்கு விஷமே கெடையாது."

கொளஞ்சியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன்னைக் கேலி செய்கிறாள் என்று பட்டது.

அறிவுமதி அலமாரியிலிருந்து இன்னும் நாலு ஜாடிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். அது அவள் வகுப்பெடுக்கிற பழக்கம், துக்கம் சொல்ல வந்தவளிடமும் அப்படித்தான் வந்தது.

"இது தேள். விஷம் வாலுல இருக்கு. இது சிலந்தி, இதுக்கு வாயில இருக்கு. இது மாட்டு உண்ணி. இந்தக் கறுப்பா இருக்கறது சாட்டைத் தேள், தொட்டா வினிகர் மாதிரி நெடியோட ஒண்ணப் பீச்சும், அவ்ளோதான். எல்லாத்துக்கும் எட்டுக் கால், எல்லாம் ஒரே பெரிய குடும்பம். நீங்க காட்டுனது சாட்டைச் சிலந்தி. பேருதான் சிலந்தி, ஆனா சிலந்தி இல்ல. சிலந்திக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. வலை பின்னத் தெரியாது. கொடுக்கு இல்ல. விஷப்பை இல்ல."

"அப்ப இந்த முள்ளு?"

"கரப்பான் பூச்சி, சில்வண்டு புடிச்சித் தின்ன. நாம போய் அமுக்கிப் புடிச்சா கீறலாம். இந்த நீளமான ரெண்டு காலு நடக்கறதுக்கே இல்லம்மா. கண்ணு சரியாத் தெரியாது அதுக்கு. இருட்டுல இந்தக் கால நீட்டித் தடவித்தான் வழி பாக்கும். குட்டிங்கள முதுகுல ஏத்திக்கிட்டு அலையும்."

"குட்டியா?"

"ஆமா. வெள்ளையா, சின்னச் சின்னதா. தோல் உரிக்கிற வரைக்கும் அம்மா முதுகுலதான் இருக்கும்."

கொளஞ்சியம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். தீக்குச்சி உரசிய கை அது. ஆனாலும் விடவில்லை.

"நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. நான் என் கண்ணால பாத்தேன் மேடம்."

"கடிச்சதப் பாத்தீங்களா?"

பதினோரு வருஷத்தில் ஒருவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தாள். சுவரில் இருந்ததைப் பார்த்தாள். அடித்தாள். கையில் புள்ளியைப் பார்த்தாள். நடுவில் எதையும் பார்க்கவில்லை.

"அப்ப அவரு எதால செத்தாரு?"

கண் இமை மூடியது, சாறு இறங்காதது, வயிற்று வலி, வீங்காத கை என்று இப்போதுதான் கேட்டவை அறிவுமதியின் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவதைக் கொளஞ்சியம்மாள் பார்த்தாள். அந்த முகம் மாறியது.

"நான் டாக்டர் இல்லம்மா. உங்க பொண்ணு நர்ஸுதானே. அவகிட்ட கேளுங்க."

*

வித்யா தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். அன்று சாயங்காலமே கொளஞ்சியம்மாள் கடலூர் பஸ் ஏறிவிட்டாள். முன்கூட்டிச் சொல்லாமல் அம்மா வந்து நின்றதும், வித்யா யூனிபார்மைக்கூட மாற்றாமல் டீ போட்டாள். வெளியே வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தருக்குக் காலையில வயித்த வலி. வீக்கம் இல்ல, ரத்தம் இல்ல. கண்ணு தொறக்க முடியல, முழுங்க முடியல, மூச்சு நின்னுபோச்சு. எதுனால வித்யா?"

வித்யா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். யாரைப் பற்றிக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதிலேயே கொளஞ்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"கட்டுவிரியன்மா. பாம்பு. கடிச்சாக்கூடத் தெரியாது, தூக்கத்துல கடிச்சிட்டுப் போயிடும். தடம்கூட சரியா இருக்காது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"செகண்ட் இயர்ல பாடம் எடுத்தாங்க. மேடம் ஒவ்வொண்ணா போர்டுல எழுதறாங்க, எனக்கு அப்பா முகமா வருது. எழுந்து வெளிய வந்துட்டேன்."

"மூணு வருஷமா எங்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்லுவேன்? சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஊசி இருக்கு, அப்பா பொழச்சிருப்பாருன்னா? நீ அந்தப் பூச்சியத் திட்டிக்கினு இருந்த. அதையே திட்டிக்கினு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பூச்சி என்று கத்தியது யார் என்பதே கொளஞ்சியம்மாளின் தலைக்குள் சுற்றியது. அவள்தான் கத்தினாள். பூச்சி என்று அவள் கத்தாமல் இருந்திருந்தால் ராஜாமணி மாமா பச்சிலை என்று சொல்லியிருக்கமாட்டார். வித்யா அவள் கையைப் பிடித்தபோது, அவள் மனசு பதினோரு வருஷம் பின்னால் இருந்தது.

"ஊருக்குப் போறேன்," என்றாள். "மாமாகிட்ட சொல்லணும். அவரு பாவம், இதே மாதிரி ஒண்ணும் தெரியாம இருப்பாரு."

*

ராஜாமணிமேல் அவளுக்கு மரியாதை உண்டு. பச்சமுத்து போன பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை அரிசி சிதம்பரத்துக்கு அனுப்பி வைத்தவர். வித்யா நர்சிங் சேர்ந்தபோது அவரே வந்து கூட நின்றவர். இந்த மாதிரி ஒரு மாமா யாருக்கு வாய்க்கும் என்று ஹாஸ்டலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேத்தியாத்தோப்பில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போனாள். ராஜாமணி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது, சர்க்கரை வியாதியில் உடம்பு இளைத்திருந்தது. அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். பூச்சிக்கு விஷம் இல்லையாம், கடித்தது பாம்பாம், கட்டுவிரியனாம்.

அவர் அதிர்ச்சியில் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தழைக்கட்டு அவிழ்ந்து விழுந்தது. ஆடு தின்ன ஆரம்பித்தது.

"யாரு சொன்னது ஒனக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்குச் சரியாகப் படவில்லை. "யாரு சொன்னா என்னா மாமா?"

அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சுடுகாட்டுலேர்ந்து வந்த பொறவு, படுக்கையக் கொளுத்தணும்னு பாயச் சுருட்டுனேன். அடியில கெடந்துச்சு. கறுப்பு ஒடம்பு, வெள்ள வெள்ளயாக் கோடு. நான்தான் அடிச்சேன்."

"யாருகிட்டயும் சொல்லலயா?"

"எப்படிம்மா சொல்லுவேன்? ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு நீ சொன்ன. நான்தான் வேணாம்னேன். என் தம்பிய நானே..."

கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை. பதினோரு வருஷம் அந்த மனுஷன் அனுப்பிய அரிசியை அவளும் மகளும் பொங்கித் தின்றிருக்கிறார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பாம்ப எங்க பொதச்சீங்க?"

அவர் கையைக் காட்டினார். எருக்குழி இருந்த இடம். இப்போது அங்கே குளியலறை கட்டியிருந்தார்கள். போன பொங்கலுக்கு வந்தபோது அவள் அதில் குளித்திருக்கிறாள்.

"பூச்சின்னு கத்துனது நானு," என்றாள். "அத நெனச்சி நாலு நாளா சோறு எறங்கல எனக்கு. நீங்க என்னாடான்னா பாம்பையே பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்திருக்கீங்க. ஊருல இன்னமும் கடிச்சா வைத்தியருகிட்டத்தானே தூக்கிட்டுப் போறீங்க?"

"அவரு போன வருஷம் செத்துட்டாரும்மா. இப்ப அவரு மருமவன் பாக்கறான்."

"ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு இதச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க."

வந்த வழியே திரும்பி நடந்தாள். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

*

இரண்டு வாரம் எந்தச் சேதியும் இல்லை. பிறகு ராஜாமணியே போன் செய்தார். ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் சொல்லப்போவதாகச் சொன்னார். "நீயும் வந்துடும்மா. நீ இல்லன்னா எனக்கு வாய் வராது."

வித்யாவும் கடலூரிலிருந்து வந்தாள். கோயில் பந்தலில் நூறு நூற்றைம்பது பேர் இருந்தார்கள். கூழ் ஊற்றுவது யார், மேளம் யார் என்றெல்லாம் பேசி முடித்ததும் ராஜாமணி எழுந்தார். சுற்றி வளைக்கவில்லை. தம்பியைக் கடித்தது பாம்பு, எனக்குத் தெரியும், மறைத்தேன் என்றார். அந்தப் பூச்சியை ஊரெல்லாம் பழி சொன்னபோது சும்மா இருந்தேன் என்றார். அவர் கைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தன.

மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

வித்யா எழுந்து, கட்டுவிரியன் கடித்தால் எப்படி இருக்கும் என்று சொன்னாள். வயிற்று வலி. கண் சொருகும். முழுங்க முடியாது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது, தூங்குவதுபோல இருக்கும். அப்படி இருந்தால் எது கடித்தது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள், 108க்கு அடியுங்கள் என்றாள்.

அவள் முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். தமிழ்ச்செல்வி. மேலத்தெரு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒன்பது வயது மகன் இறந்துபோனான். பூரான் கடி என்றுதான் ஊருக்கே தெரியும். வீட்டு மூலையில் ஒரு பூரானை அடித்திருந்தார்கள்.

"அப்ப எம்புள்ள?" என்றாள்.

அவள் வித்யாவையே பார்த்தாள்.

"எம்புள்ளைக்கும் கண்ணு சொருவுச்சு. வயித்தப் புடிச்சிக்கினு அழுதான். தூக்கம் வருதும்மான்னு சொன்னான். நான் மடியில போட்டுத் தட்டித் தூங்க வச்சேனே..."

சொல்லிக்கொண்டே நடந்தாள். ராஜாமணியிடம் போகவில்லை. நேராகக் கொளஞ்சியம்மாளிடம் வந்தாள். வந்து இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"நீ ஏன் இத முன்னாடியே சொல்லல? பதினோரு வருஷம் இருந்துச்சே, ஏன் சொல்லல?"

எனக்கே போன மாதம்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. கொளஞ்சியம்மாளால் சொல்ல முடியவில்லை. மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தேனே என்ற வார்த்தை அவள் நெஞ்சில் இறங்கி நின்றுவிட்டது. தமிழ்ச்செல்வி உலுக்க உலுக்க அவள் நின்றாள். பிறகு இருவரும் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள். மற்ற பெண்கள் பிடித்து விலக்க வந்தபோது, "உடுங்க, அடிக்கட்டும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

*

அன்றைக்குப் பிறகு ஊர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வைத்தியரின் மருமகனிடம் இப்போதும் ஆள் போகிறது. ஆனால் அந்தக் கார்த்திகையில், செம்பியன் என்கிற கொத்தனார் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தபோது, அவன் மனைவி யாரையும் கேட்கவில்லை. 108ஐக் கூப்பிட்டாள். பத்து நாள் மெஷினில் மூச்சு விட்டான். பதினாறாம் நாள் வீட்டுக்கு நடந்து வந்தான்.

கொளஞ்சியம்மாளுக்கு அதைப் போனில் சொன்னது தமிழ்ச்செல்விதான். கூட்டத்துக்குப் பிறகு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள், ஒருநாள் தானாகவே நம்பர் வாங்கிக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"செம்பியன் வந்துட்டான்கா. கஞ்சி குடிச்சானாம்."

"அப்படியா?" என்றாள் கொளஞ்சியம்மாள். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். கல்லூரி விட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி இறங்கிப் போனார்கள்.

"பதினாறு நாளுதான்கா. வெறும் பதினாறு நாளு."

அதற்குமேல் தமிழ்ச்செல்வியும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இருவரும் போனை வைக்கவும் இல்லை.